மூன்றாம் சுற்று, நாலு பத்து

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அபாண்டம். சனிக்கிழமை வருகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு, மதியம் இரண்டு மணிக்கு ‘சாரி’ என்று செய்தி அனுப்புகிறவர்கள் மேல் மட்டும்தான் எனக்குக் கோபம். அப்படிப்பட்டவர்களைத் தவிர வேறு யாரையும் எனக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

அயனம்பாக்கத்தில் ஏரிக்குப் பின்பக்கம் ஒரு அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில், அடுத்தவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை தேடும் வேலை. சனிக்கிழமை மதியமானால் என் சாப்பாட்டு மேஜைதான் போர்க்களம். மூன்றடிக்கு மூன்றடிப் பலகை. அதன்மேல் கோபுரங்கள், இடிந்த சுவர்கள், ஒரு பாலம். ஆளுக்கு ஏழு பொம்மைகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம்: வாள்காரன், வில்காரி, மந்திரவாதி, ஒன்றிரண்டு பூதங்கள். அளவு நாடாவால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி வெட்டிக்கொள்ள வேண்டும். ஆறு சுற்றோடு அன்றைய ஆட்டம் முடியும், கதை முடியாது. இந்த வாரம் காலில் வெட்டுப்பட்டவன் அடுத்த வாரம் நொண்டுவான். கொள்ளையடித்த பொன்னில் புது வில் வாங்கலாம். செத்தவன் செத்தவன்தான். இப்படி வாராவாரம் தொடரும் போரை நடத்துகிறவன் நான். எனக்குப் படை கிடையாது. வரைபடம் போடுவது, விதி சொல்வது, சண்டையைத் தீர்த்துவைப்பது, கடைசியில் அன்றைய ஆட்டத்தைக் கதையாக எழுதி எங்கள் போன் குழுவில் போடுவது, இவ்வளவும் என் பொறுப்பு.

உண்மையைச் சொன்னால் எனக்கு ஆட்டம் ஒரு சாக்கு, எழுதுவதுதான் காரியம். கல்லூரியிலிருந்து கதை எழுதி அனுப்பி அனுப்பிக் களைத்தவன் நான். ஒரு பத்திரிகையும் சீந்தவில்லை. இந்தக் குழுவில் மூன்று பேர் நான் எழுதியதைக் கடைசி வரி வரைக்கும் படித்தார்கள், தங்கள் பொம்மை என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளவாவது. மூன்று வாசகர்கள். அந்த மூவரை இழந்துவிடக்கூடாது என்பதற்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

மூவரில் இரண்டு பேர் அலுவலகத்துக்காரர்கள். மூன்றாமவன்தான் இந்தக் கதைக்குக் காரணம். நசரத்பேட்டைக்காரன். நெல் விளைந்த நிலமெல்லாம் மனையாகிப் போன குடும்பம். பூந்தமல்லியில் கிரில் அடிக்கும் பட்டறை வைத்திருந்தான். என் பால்கனிக்குக் கம்பி போட வந்தவன், மேஜையில் நான் வண்ணமடித்துக் காயவைத்திருந்த பொம்மைகளைப் பார்த்துவிட்டு, “இன்னா சார் இது, கொலுவா? புரட்டாசி இன்னும் வரலியே” என்றான். விளக்கினேன். அரை மணி நேரம் கம்பியை மறந்துவிட்டுக் கேட்டான். அடுத்த சனிக்கிழமை கையில் ஒரு கோபுரத்தோடு வந்து நின்றான். பழைய குழாய்த் துண்டையும் தகரத்தையும் பற்றவைத்து அவனே செய்தது. அதற்கு அடுத்த வாரம் நான் அவனுக்கு ‘சார்’ இல்லை, ‘மாமே’.

எனக்குக் கிடைத்த நல்ல வாசகன் அவன்தான். தன் படைத்தலைவனுக்கு ‘நைனா’ என்று பெயர் வைத்திருந்தான். நைனா ஒரு படியேறினால்கூட அதை நான் எப்படி எழுதியிருக்கிறேன் என்று பார்ப்பான். பட்டறையில் வேலைக்கு நடுவே சத்தமாகப் படித்துக் காட்டுவானாம். அவன் மனைவி வீட்டிலேயே ரவிக்கை தைப்பவர். அவரையும் உட்காரவைத்துப் படிப்பானாம். “ஊட்ல அதுக்கே இப்ப நைனாவத் தெரியும் மாமே” என்று சிரிப்பான்.

என் எழுத்துமுறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பின்னால் நடந்ததற்கு அதுதான் வேர். ஒருவர் ஒரு சுற்றுக்கு நாற்பது நிமிடம் யோசிக்கிறார் என்று ஒருமுறை சண்டை வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றும் எத்தனை மணிக்கு, அதில் என்ன நடந்தது என்று நோட்டில் கிறுக்கிவிடுவேன். பிறகு அந்தக் கிறுக்கலைக் கதையாக்கும்போதும் சுற்றின் தலைப்பில் மணியைப் போடுவேன். படிக்கிறவர்களுக்கு ஏதோ உண்மையான போர்க்களக் குறிப்பு மாதிரி இருக்கும். மணி மட்டும்தான் உண்மை மாதிரி. மற்றதில் என் கைவரிசையைக் காட்டுவேன். சப்பென்று போன இடத்தைத் தூக்குவேன். இரண்டாம் சுற்றில் நடந்ததை ஐந்தாம் சுற்றுக்குத் தள்ளுவேன். யாரும் குறை சொன்னதில்லை. பொம்மைகளுக்கு எது எப்போது நடந்தால் யாருக்கு என்ன?

அந்தச் சனிக்கிழமைக்கு முன் இரண்டு வாரம் ஆட்டம் நடக்கவில்லை. அலுவலகத்து இருவரில் ஒருவருக்குக் கல்யாணம், இன்னொருவருக்குச் சோம்பல். இந்த மூன்றாவது வாரமும் விட்டுப்போனால் குழு கலைந்துவிடும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. கெஞ்சினேன். திட்டினேன். கடைசியில் ஒரு விதி போட்டேன்: நடுவில் ஒருவர் எழுந்து போனால் அன்றைய ஆட்டம் செல்லாது, அதுவரை கிடைத்த பொன்னும் செல்லாது. மூவரும் வந்தார்கள். இரண்டரை மணிக்கு ஆரம்பித்தோம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் சுற்றில் அவன் நைனாவைப் பாலத்தின் மேல் ஏற்றிவிட்டு நிமிர்ந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. மின்விசிறி தலைக்கு மேலேயே சுற்றுகிறது. இடது கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். மற்ற இருவரும் பால்கனியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“மாமே, நெஞ்சாண்ட ஒரு மாதிரி கீது. ஊட்டுக்குப் போயி படுத்துகினா சரியாப்பூடும். நான் கெளம்பட்டா?”

கடிகாரத்தைப் பார்த்தேன். அவனுக்காக இல்லை, பழக்கதோஷம். நாலு பத்து. நோட்டில் எழுதினேன்: ‘3ஆம் சுற்று, 4.10. நைனா பாலத்தில். ஆள் நெஞ்சைப் பிடிக்கிறான். போகணும் என்கிறான். விடவில்லை.’ அந்தக் கடைசிச் சொல்லைச் சிரித்துக்கொண்டே எழுதினேன்.

“வாயுவா இருக்கும்டா,” என்றேன். “மத்தியானம் பிரியாணி தின்னிருப்ப. சோடா தரேன் குடி. இந்தச் சுத்த மட்டும் முடிச்சிரு.”

சோடா குடித்தான். ஏப்பம் வந்தது. பார்த்தாயா என்றேன். ஐந்தரை மணிக்கு, அந்த இருவரும் கீழே சிகரெட் பிடிக்கப் போயிருந்தபோது, மறுபடியும் கேட்டான். “நெசமா முடியல மாமே. தோள்பட்ட வரைக்கும் இஸ்துகினு போவுது.” நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்து மாற்றாமல். “இப்ப நீ போனா அவனுங்க ரெண்டு பேரும் அடுத்த வாரம் வரமாட்டானுங்க. எல்லாம் முடிஞ்சிரும். எனக்காகடா.” அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பகடையை எடுத்தான்.

எட்டு மணிக்கு ஆட்டம் முடிந்தது. அவன்தான் ஜெயித்தான். கையைக்கூடக் குலுக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு அவனே ஓட்டிப் போனான். நான் உடனே எழுத உட்கார்ந்தேன். கிடைத்த சரக்கு அப்படி! ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்ட காட்சி மூன்றாம் சுற்றில் வந்தால் கதை நொண்டும். கடைசியில் வந்தால்தான் ஏறும். ஏற்றினேன்.

‘ஆறாம் சுற்று. மாலை ஏழு முப்பத்தைந்து. கோபுர வாசலில் நைனா மார்பைப் பற்றிக்கொண்டு சாய்ந்தான். அதே நொடியில் அவனை ஆட்டுவிப்பவனும் தன் மார்பைப் பற்றினான்! போரை நடத்துபவன் பதறி எழுந்தான். நண்பா, போர் காத்திருக்கும், நீ வீட்டுக்குப் போ என்றான். அவனோ வென்றுவிட்டுத்தான் போவேன் என்றான்.’

குழுவில் போட்டேன். இருவர் சிரிப்புப் பொம்மைகளை வரிசையாக அனுப்பினார்கள். அவனும் ஒரு கட்டைவிரலை உயர்த்தியிருந்தான். நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் கூசுகிறது.

விடிந்து ஆறு மணி இருக்கும், போன் அடித்தது. அவன் எண். பேசியது அவன் மனைவி.

“அண்ணா, இவரு நெஞ்சப் புடிச்சிகினு சுருண்டுட்டாரு. பூந்தமல்லில ஆஸ்பத்திரிலகீறோம். எப்ப வலி ஆரம்பிச்சுதுன்னு டாக்டரம்மா கேக்குறாங்க. இவரு ஒரு தபா காலைலன்றாரு, ஒரு தபா நேத்துன்றாரு, வாயே கொழறுது. நீங்க எழுதினது போன்ல கீது. ஏழு முப்பத்தஞ்சுன்னு போட்டுகீறீங்க. அது சரிதானேண்ணா?”

சரியில்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் எனக்கு என்னைப் பற்றித்தான் கவலை வந்தது. நாலு பத்து என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? நாலு பத்துக்கே தெரிந்தவன் எட்டு மணி வரைக்கும் என்ன செய்துகொண்டிருந்தாய் என்றுதானே?

“ஆமாம்மா,” என்றேன். “ஏழரை இருக்கும்.”

“நல்ல வேள. பன்னெண்டு மணி நேரத்துக்குள்ளன்னா இங்கயே ஊசி போட்டு ரத்தக் கட்டியக் கரைச்சிடலாமாம். அதுக்கு மேலன்னாதான் ஆவாதாம். நான் போய் சொல்லிட்டு வரேண்ணா.” போனை வைத்துவிட்டார்.

விரல் விட்டு எண்ணினேன். ஏழரையிலிருந்து என்றால் பத்தரை மணி நேரம். நாலு பத்திலிருந்து என்றால் பதினாலு. மறுபடி எண்ணினேன். திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி, ஒன்பது தடவை. ஆஸ்பத்திரியின் எண் தெரியாது, எந்த ஆஸ்பத்திரி என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. நோட்டை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

வேலப்பன்சாவடியைத் தாண்டி நெடுஞ்சாலைக்கு வந்தால், மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்து, அந்தக் காலை நேரத்திலும் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. வண்டியை நடைபாதையில் ஏற்றினேன். எதிரில் பால் பாக்கெட்டோடு வந்த ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். திட்டட்டும். ஹெல்மெட்டுக்குள் நான் சத்தமாக அழுதுகொண்டிருந்தேன். எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஊசி போடக்கூடாது, ஊசி போடக்கூடாது என்று யாரையோ கெஞ்சிக்கொண்டே போனேன். பூந்தமல்லியில் முதலில் நுழைந்த இடத்தில் அப்படி ஒருவர் வரவில்லை என்றார்கள். இரண்டாவது இடத்தின் வாசலில் அவனுடைய வண்டி நின்றது, பின்னால் கம்பி கட்டும் கயிறோடு. அந்த நிலையில் அவன் மனைவிதான் அவனைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிவந்திருக்கிறார்.

அவசரப் பிரிவின் கதவருகே அவர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் நர்ஸ் ஊசி மருந்தைக் கலக்கிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. எல்லோரும் திரும்பினார்கள்.

சின்ன வயது டாக்டரம்மா வெளியே வந்தார். நோட்டை நீட்டினேன்.

“என்னங்க இது?”

“விளையாட்டு நோட்டு மேடம். வலி ஆரம்பிச்ச டைம் இதுல இருக்கு. ஏழரை இல்ல. நாலு பத்து. நேத்து சாயங்காலம் நாலு பத்து.”

“போன்ல ஏழரைன்னு எழுதியிருந்தது நீங்கதானே?”

“அது கதை மேடம். கதைக்காக மாத்திட்டேன்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நோட்டைக் கையில் வாங்காமலே குனிந்து பார்த்தார். ‘3ஆம் சுற்று, 4.10. நைனா பாலத்தில். ஆள் நெஞ்சைப் பிடிக்கிறான்.’ அதற்குக் கீழிருந்த வரியை என் கட்டைவிரல் மறைத்திருந்தது. தானாக அங்கே போகவில்லை. நான்தான் வைத்தேன்.

“நிச்சயமா நாலு பத்து?”

“நிச்சயமா.”

அவர் உள்ளே திரும்பி, “ஊசி வேண்டாம், நிறுத்துங்க,” என்றார். பிறகு அவன் மனைவியிடம், பதினாலு மணி நேரமாகிவிட்டது, இனிமேல் இந்த மருந்தில் பலன் குறைவு, எங்காவது ரத்தம் கசிந்தால் ஆபத்து, குழாய் விட்டு அடைப்பை எடுக்கும் வசதியுள்ள இடத்துக்கு உடனே கொண்டுபோக வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்தது. அவனை ஏற்றினார்கள். முகம் சாம்பல் பூத்திருந்தது. என்னைப் பார்த்தானா என்று தெரியவில்லை. அவன் மனைவி ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

“நாலு மணிலேந்து வலிய வெச்சிகினு எட்டு மணி வரைக்கும் பொம்ம ஆடிகினு இருந்தாராண்ணா?”

நான் தலையாட்டினேன். அதுவும் உண்மைதானே.

பிழைத்துவிட்டான். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆனால் இதயத்தின் ஒரு பக்கம் போனது போனதுதான். முதல் சில மணி நேரத்தில் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அங்கே சொன்னார்களாம். பாரம் தூக்கக்கூடாது, வெல்டிங் அனலில் நிற்கக்கூடாது. பட்டறையை அவன் தம்பியிடம் கொடுத்துவிட்டதாக அலுவலகத்து நண்பர் எப்படியோ கேள்விப்பட்டுச் சொன்னார். குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. மூன்று வாசகர்களுக்காக நான் பட்ட பாடு அத்தனையும் அதோடு முடிந்தது.

ஒரு மாதம் நான் போகவில்லை. போகிற வழியிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தது நான்கு தடவை. ஐந்தாவது தடவை ஒரு ஞாயிறு காலை, நசரத்பேட்டையில் அவன் வீட்டு மாடியில் போய் நின்றேன். கதவைத் திறந்தவர் அவன் மனைவி. உள்ளே போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்துகொண்டார். அது ஓட ஆரம்பித்தது.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டை தோளில் தொங்கியது. என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்ததுதான் என்னால் தாங்கமுடியாமல் போனது.

“வா மாமே. எங்க ஆளயே காணோம்? நீ மட்டும் அன்னிக்கு ஓடியாரலன்னா நான் காலி.”

நான் எதிரே உட்கார்ந்து, வாங்கிப்போயிருந்த ஆப்பிள் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன். அவன் குரலைத் தாழ்த்தினான். மிஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்காது என்று நினைத்திருப்பான்.

“அது எங்கிட்ட பேசறதில்ல மாமே. வந்ததுலேந்து. சோத்தப் போட்டு வெச்சிட்டுப் போயிடும், சாப்டியான்னுகூடக் கேக்கறதில்ல. அதுவும் சரிதான். நாலு மணிக்கே வலி வந்துகீது, ஊட்ல ஒருத்தி கீறாளேன்னு நெனைக்காம பொம்ம வெச்சிகினு குந்தினேன்னா எவதான் பேசுவா? எனக்கு அன்னிக்கு மத்தியானம் ஒண்ணுமே சரியா நெனப்புல இல்ல. யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். நீதான் கூட இருந்த. நான் ஏன் மாமே எழுந்து போவல?”

வாயில் பதில் தயாராக இருந்தது. ஜெயித்துக்கொண்டிருந்தாய், அதனால் போகவில்லை. நான் எழுதிப் போட்ட பதில்தான், அவனே படித்த பதில்தான். அவனும் ஒப்புக்கொண்டு தலையாட்டியிருப்பான். எனக்கு அவனைவிட்டால் நண்பன் கிடையாது. இந்தக் கட்டிலருகே வாராவாரம் வந்து உட்காரலாம், கதை எழுதிக் காட்டலாம். எல்லாம் அந்த ஒரு பொய்யில் இருந்தது.

“நீ போறேன்னு சொன்ன,” என்றேன்.

“இன்னாது?”

“ரெண்டு தடவ சொன்ன. நாலு பத்துக்கு ஒரு தடவ, அஞ்சரைக்கு ஒரு தடவ. ஊட்டுக்குப் போயி படுத்துகினா சரியாப்பூடும்னு சொன்ன. நான்தான் விடல. ஆட்டம் நின்னுடும்னு, எனக்காக இருடான்னு சொன்னேன். நீ எனக்காகத்தான் இருந்த.”

தையல் மிஷின் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

அவன் என்மேல் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. கதவுப் பக்கம் திரும்பினான்.

“கேட்டுகினியா? நான் ஊட்டுக்கு வரேன்னு சொல்லிகீறேன். ரெண்டு தபா சொல்லிகீறேன்.”

அவர் வாசலில் நின்றிருந்தார், கழுத்தில் அளவு நாடாவோடு. கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். அவனுடைய காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், குரலை உயர்த்தாமல், “நீங்க கெளம்புங்கண்ணா. இனிமே வராதீங்க” என்றார். அவன் அதை மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

வாசலில் குனிந்து செருப்பை மாட்டினேன். உள்ளே அவர் அவனிடம், “இன்னா சாப்புடுற?” என்று கேட்பது கேட்டது.